கம்பளிக்குள் ஐந்து விரல்கள்

மாப்ளே,

இதை எழுதும்போது என் இடது கை மேஜைமேல் ஒரு தலையணையில் படுத்திருக்கிறது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. பன்னிரண்டு நாளாகிறது. காய்ந்து கல்லாகிவிட்டாலும் முகத்தருகே கொண்டுபோனால் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்தால் வருமே, அந்த வாசனை. ஏழு வருஷமாக நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. கருமி என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அந்த வாசனை எனக்கு ஆகாது என்று காரணம் சொல்வதைவிடக் கருமி என்று பெயர் வாங்குவது சுலபமாக இருந்தது.

கை எப்படி ஒடிந்தது என்று கேட்பாய். சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கிணற்றடியில் இரண்டு பெண்கள் ஒரு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மீதிக் கதையும் காதில் விழட்டும் என்று திரும்பினேன். சைக்கிள் நேராகப் போயிற்று, நான் போகவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். அதில் பாதி நானே கிளப்பிவிட்டது.

நீ இருந்திருந்தால் மத்திகிரி முழுக்க இதைச் சொல்லிச் சிரித்திருப்பாய். மாட்டைக் கன்னடத்தில் திட்டுவாய், கணக்கைத் தெலுங்கில் கூட்டுவாய், என்னை மட்டும் சுத்தமான தமிழில் அவமானப்படுத்துவாய். மொழிவாரியாக ராஜ்யம் பிரித்தபோது ஓசூர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஊரே கூடிக்கூடிப் பேசியது. "அவன் இருந்தா, என் மாட்டக் கேட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருப்பான்" என்றேன் டீக்கடையில். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரோ உன் பெயரைச் சொல்லி உச்சுக்கொட்டினார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேடிக்கை பேசாமல் ஒரு கடிதமாவது எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். பார், பேனா தானாக அங்கேதான் போகிறது. அந்தப் புத்தியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முன் அந்த மார்கழியில் ஜவளகிரியிலிருந்து கேழ்வரகு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம். நீ மாட்டோடு நடந்தாய். நான் மூட்டைமேல் குடையை விரித்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தளி தாண்டி ஓர் இறக்கத்தில் மாடு மிரண்டது. மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தவன் சறுக்கி விழுந்தாய். சக்கரம் உன் வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஏறி இறங்கிற்று. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். மூட்டைமேல் இருந்த எனக்கே கேட்டது.

தோல் கிழியவில்லை. ஆனால் கால் ஒரு புது இடத்தில் வளைந்திருந்தது. வழியில் போன ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிட வந்தார். நான்தான் தடுத்தேன். பத்திரிகையில் எப்போதோ படித்தது நினைவிருந்தது: இழுக்காதே, உருவாதே, அசையாமல் கட்டு. என் குடையை மடக்கி உன் தொடையிலிருந்து பாதம் வரை நீளமாக வைத்து, உன் தலைப்பாகையைக் கிழித்து நாலு இடத்தில் கட்டினேன். உன் முகம் சாம்பலாகியிருந்தது. அப்போதும் நீ விடவில்லை.

"மச்சான், இப்ப மழை வந்தா நீ என்னாடா பண்ணுவே?"

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது யார் கட்டினது? ஒடிஞ்ச இடத்துக்கு மேல இருக்கிற மூட்டும் அசையக்கூடாது, கீழ இருக்கிற மூட்டும் அசையக்கூடாது. அது தெரிஞ்சு கட்டியிருக்கீங்களே" என்றார். மாப்ளே, எனக்கு அது தெரியாது. குடை அவ்வளவு நீளம், அவ்வளவுதான். ஆனால் தலையைத் தாழ்த்தி அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் பதினோரு பேரிடம் அதைச் சொல்லியிருந்தேன்.

எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். "ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். உள்ளே ரத்தம் கட்டி இன்னும் வீங்கும். சும்மா இருந்தா தோல் விரிஞ்சு இடம் குடுக்கும். மாவுக்கட்டு இடம் குடுக்காது. கூடவே இருந்து பாக்கணும்" என்றார் டாக்டர்.

நீ முடியாது என்றாய். வீட்டில் பசு சினையாக இருந்தது, இன்றைக்கோ நாளைக்கோ என்று. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யார்? பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மூன்று பாஷையில் பத்திரம் எழுதுகிறவன், குடை கட்டி டாக்டரிடமே பேர் வாங்கியவன். "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றேன். எழுதிக்கொடுக்கச் சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. 'என் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறேன்.' பொறுப்பில் என்ற சொல்லுக்கு ஒரு சுழி கூட வைத்தேன்.

கம்பவுண்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். உனக்குத் தெரியுமே அவரை, உங்கள் மத்திகிரியில்தான் குடியிருந்தார், பிரேக் இல்லாத சைக்கிளில் காலைத் தேய்த்து நிறுத்துகிறவர். என் கட்டைவிரல் நகத்தை அமுக்கிப் பிடித்தார். வெளுத்தது. விட்டார். சிவந்தது.

"பாத்தீங்களா ரைட்டரே? இதுதான் எல்லாம். எலும்ப நாங்க ஒட்டறதில்ல. நேரா வெச்சு ஆடாம பாத்துக்கறோம், அவ்ளோதான். அது தன்னால பிசின் மாதிரி ஒண்ணு சுரந்து, அது கெட்டியாகி, மூணு மாசத்துல சேர்ந்துக்கும். ஆனா அதுக்கு ரத்தம் போகணும். போகுதா இல்லையான்னு உள்ள பூந்து பாக்க முடியாது. அதனாலதான் கால்விரல மட்டும் திறந்து விட்டிருக்கோம். அது நமக்கு ஜன்னல். நாலு வேளையும் நகத்த அமுக்கிப் பாருங்க. விரல ஆட்டச் சொல்லுங்க. சில்லுனு இருந்தாலும், நீலம் பாரிச்சாலும், மரத்துப்போனாலும், வலி அடங்காம ஏறிக்கிட்டே போனாலும் யாரையும் கேக்காதீங்க, வண்டியக் கட்டுங்க. கட்ட ரெண்டாப் பொளந்து விட எனக்கு அஞ்சு நிமிசம்."

எல்லாம் புரிந்தது. அதுதான் கொடுமை. புரியாமல் நடந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை.

உன் வீட்டில் அன்று சாயங்காலம் தெருவே கூடியிருந்தது. நான் உன் கட்டில் பக்கத்தில் நின்று பிசின் சுரப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். தங்கச்சி அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளிடம் விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. விஷயம் தெரிந்தவன் வீட்டில் ஒருத்தனாகவே இருக்கட்டும் என்று ஓர் அற்ப ஆசை.

நம் ஊர் மார்கழிக் குளிர் உனக்குத் தெரியும். அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள், உன் விரல் சில்லென்று இருந்திருக்கிறது. குளிருகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஜவளகிரிப் பக்கத்து இடையரிடம் கேழ்வரகு கொடுத்து வாங்கிய கறுப்புக் கம்பளியை எடுத்து, காலைச் சுற்றி, விரலெல்லாம் உள்ளே போகும்படி நன்றாகச் செருகிவிட்டாள். பாசமாக, மாப்ளே. கைக்குழந்தையைப் பொதிகிற மாதிரி. நாங்கள் ஜன்னலை அடைத்துவிட்டோம்.

ராத்திரி நானும் உன் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். "மச்சான், கட்டு நெருக்குதுடா. உள்ள யாரோ கால முறுக்கறாங்க."

"எலும்பு சேருதுடா. சும்மா சேருமா?"

"விரல் என்னுது மாதிரியே இல்லடா. மரத்துக் கெடக்குது."

நான் அடுப்பங்கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்: "ஏம்மா தங்கச்சி, உன் புருசனுக்கு விரல் காணாமப் போச்சாம். பானைக்குள்ள பாரு!" அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய், பாவி. நீ சிரிக்காமல் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் அந்தக் கம்பளியைத் தூக்கிப் பார்த்திருப்பேன். வயிற்றுவலிக்குக்கூட நாடகம் போடுகிறவன் நீ, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குத் தெரியும். இதுவும் நாடகம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் கம்பவுண்டர் வேலைக்குக் கிளம்பி உன் வீட்டு வாசல் வழியாக வந்தார். நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிள் ஓட்டத்திலேயே கேட்டார்.

"ரைட்டரே! விரல் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு! ரோஜாப்பூ மாதிரி இருக்குது!"

அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் காலைத் தேய்த்து இறங்கியிருப்பார். பத்தடி தூரம். உள்ளே வந்து கம்பளியைத் தூக்கியிருப்பார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? யாரையும் ஏமாற்ற இல்லை. குடை கட்டியவன் 'இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயில் ஓர் உவமை தயாராக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வாய் கொப்பளித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொப்பளித்தேன். பசு கத்திற்று. கன்று போடப்போகிறது என்று எல்லோரும் கொட்டிலுக்கு ஓடினோம். கிடேரிக்கன்று. உனக்கு வந்து சொன்னேன். நீ கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினாய்.

அன்று சாயங்காலம் வலி நின்றுவிட்டது. வலி நின்றுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். தங்கச்சி சீம்பால் காய்ச்சினாள். நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். "பாத்தியா, சொன்னேனே" என்றேன் நான். நரம்பு செத்தால் வலியும் நின்றுவிடும் என்று பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் கம்பவுண்டர் தானாகவே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். கம்பளியைப் பிரித்தார். ஐந்து விரலும் பழுத்த நாவற்பழ நிறம். நகத்தை அமுக்கினார். வெளுக்கவும் இல்லை, சிவக்கவும் இல்லை. வாசலில் நான் சொன்னதை நினைத்திருக்கிறார், என்னை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். அரிவாளை வாங்கி மாவுக்கட்டைப் பிளக்க ஆரம்பித்தார். சொன்னபடி ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று.

அன்றே உன்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோனோம். அங்கே பெரிய டாக்டர், காலை முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் ஆளாவது மிஞ்சும் என்றார். எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே ஏறிவிட்டிருந்தது. "விரலை யாரு மூடினது?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். தங்கச்சி முன்னால் வந்து, "நான்தான்" என்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பாஷை தெரிந்தவன், ஒன்றிலும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் மத்தியானம் அவள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள். நீ என்னைக் கிட்டே கூப்பிட்டாய். காய்ச்சலில் கண் மினுங்கிற்று.

"மச்சான். ரோஜாப்பூ வாடிப்போச்சுடா."

வாசலில் நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்கிறது. ஜன்னலோரம்தானே உன் கட்டில். அத்தனை நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். நான் உன் கட்டில் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். நீ என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாய்.

"அவகிட்டச் சொல்லாதே. அவளுக்கு இனிமே நீ ஒருத்தன்தான்."

அது உன் கட்டளை. ஏழு வருஷம் காப்பாற்றினேன். கட்டளைக்குக் கட்டுப்பட்டவன் என்று நினைக்காதே, எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஆனால் அதன் விலை என்னவென்று உனக்குத் தெரியாது. அந்தக் கம்பளியை அவள் மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் குளிரிலும் எதையும் போர்த்திக்கொள்வதில்லை. ஏழு மார்கழியும் வெறும் புடவையோடு தரையில் சுருண்டு கிடந்திருக்கிறாள். என் மனைவி கேட்டால், "எனக்குக் குளிரறதில்ல அண்ணி" என்பாள். எனக்குக் காரணம் தெரியும். தன் கையால் பொதிந்ததால்தான் நீ போனாய் என்று அவள் நம்பினாள். பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு எல்லா விஷயத்திலும் ஊர் முழுக்கத் திறந்திருக்கிற வாய்.

எனக்குக் கட்டு போட்ட மறுநாள் காலையில் அவள் மத்திகிரியிலிருந்து பால் செம்போடு நடந்தே வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கைமேல் என் மனைவி போட்டிருந்த துண்டை எடுத்துக் கீழே எறிந்தாள். ஒவ்வொரு நகமாக அமுக்கினாள். வெளுத்தது. விட்டாள். சிவக்கும்வரை குனிந்தே இருந்தாள். "விரல ஆட்டு" என்றாள். ஆட்டினேன். போய்விட்டாள். தினமும் இதுதான். கம்பவுண்டர் அவளுக்குச் சொல்லித்தந்திருக்கவேண்டும், ரொம்பப் பிந்தி. பதினோரு நாள் அவள் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகிடு நரைத்துவிட்டது, மாப்ளே. அவளுக்கு முப்பத்தாறுதான் ஆகிறது.

நேற்று என்னால் முடியவில்லை. உன் கட்டளையை மீறிவிட்டேன். அவள் கட்டைவிரலை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். நாலு வேளை பார்க்கச் சொன்னதை, அவளிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டதை, வாசலில் கத்தியதை, நீ அதைக் கேட்டதை, எல்லாம். உன் கம்பளி இல்லம்மா, என் வாய்தான், என்றேன்.

அவள் அமுக்கிய விரலை விடவே இல்லை. நகம் வெளுத்தபடியே இருந்தது. பிறகு கையை எடுத்தாள். பால் செம்பைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். என் மனைவி, "இனி இந்த வாசப்படி ஏறமாட்டா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வெறும் செம்பைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. முதல் முறையாக.

இன்று காலை வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கையிடம் வந்தாள், நான் அங்கே இல்லாத மாதிரி. நகத்தை அமுக்கினாள்.

"மரத்துப்போச்சா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாம சொல்லு."

ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் உண்மையைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு விரலாக உள்ளேயிருந்து தேடிப் பார்த்தேன்.

"சுண்டுவிரல் கொஞ்சம் மதமதன்னு இருக்குது" என்றேன். "நேத்திலேருந்து."

"கௌம்பு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப்போனாள். வழி முழுக்க எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். கட்டின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி வந்து தன் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாளைக்கும் வருவாளா தெரியாது. இன்று ராத்திரி பரணிலிருந்து அந்தக் கம்பளியை இறக்குவாளா என்றும் தெரியாது. அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

விளக்கேற்றியதும் நானே வலது கையால் அமுக்கிப் பார்த்தேன், மாப்ளே. ஐந்து நகத்தையும். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: சிவந்தது.